அரை ரூபாய் அரிசியும் ஒரு பலூனும்: ஆர்.கே. நாராயண் சிறுகதைகளில் செல்வர், வறியர் தன்னலம்

முன்னுரை

தன்னலம் மனிதர் யாவர்க்கும் பொதுவான இயல்பு. எனினும் அதனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இருவகைப் பொதுக்கூற்றுகளுள் அடங்கிவிடுகிறது. செல்வர் தன்னலம் மிக்கவர், வறியர் ஈரநெஞ்சினர் என்பது ஒன்று. வறுமை மனிதரைக் கள்வராக்கும், வளமே நற்பண்பை வளர்க்கும் என்பது மற்றொன்று. தமிழ் அறநூல் மரபு இவ்விரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. திருக்குறள் ஒப்புரவறிதல், ஈகை என்னும் அதிகாரங்களை இல்லறவியலில் வைத்தது. பொருட்பாலில் நன்றியில் செல்வத்துக்கு ஓர் அதிகாரமும், நல்குரவு, இரவு, இரவச்சம் என வறுமைக்கும் இரத்தலுக்கும் மூன்று அதிகாரங்களும் அமைத்தது. பயன்படாத செல்வமும் இரந்து நிற்கும் வறுமையும் தனித்தனியே நோக்கத்தக்கவை என்னும் தெளிவு இவ்வைப்புமுறையில் புலப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நோக்கைச் சிறுகதை வேறு முறையில் தொடர்ந்தது. அறநூல் பண்பை வரையறுத்துக் கூறும். சிறுகதையோ ஒரு நிகழ்ச்சியைக் காட்டி நிற்கும். மைசூரில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழரான ஆர்.கே. நாராயணின் சில சிறுகதைகளை முதன்மையாகக் கொண்டு, செல்வரின் தன்னலமும் வறியரின் தன்னலமும் அவற்றில் எவ்வாறு வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்காகப் புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி ஆகியோரின் கதைகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நாராயண் கதைகளின் தலைப்புகள் இங்குத் தமிழாக்கித் தரப்படுகின்றன.

தேவராஜ மொஹல்லாவும் மால்குடியும்

மைசூர் நகரின் பழைய பகுதிகள் மொஹல்லா என்னும் பெயரால் வழங்குகின்றன. கிருஷ்ணராஜ மொஹல்லா, சாமராஜ மொஹல்லா, லஷ்கர் மொஹல்லா, நசர்பாத் மொஹல்லா என்பவற்றோடு வைத்து எண்ணப்படுவது தேவராஜ மொஹல்லா. அதன் மையம் தேவராஜ மார்க்கெட். பூ, வெற்றிலை, வாழைப்பழம், காய்கறி, குங்குமம் ஆகியவை குவியும் அச்சந்தையை ஒட்டிச் சயாஜிராவ் சாலை செல்கிறது. ஆண்டுதோறும் தசராவின் இறுதிநாளில் பொன் அம்பாரி சுமந்த யானை ஊர்வலம் அச்சாலை வழியாகவே பன்னிமண்டபத்தை நோக்கிச் செல்லும். அரண்மனையின் செல்வத்தையும் கூடைக்காரரின் அன்றாட வருவாயையும் ஒரே பார்வையில் காணத்தக்க இடம் அது.

இச்சந்தைக் கட்டடம் எழுந்த காலமும் கருதத்தக்கது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் மைசூர் நாட்டைச் சிதைத்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்தது. அதே 1881இல் ஆட்சி உடையார் மரபினரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் வந்த நகர விரிவாக்கக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இன்றைய சந்தைக் கட்டடம் உருப்பெற்றது. தானியம் யாரிடம் இருக்கிறது, அதற்கு யார் விலை வைக்கிறார் என்னும் வினாக்கள் உயிர்வினாக்களாக இருந்ததை நேரில் கண்ட ஒரு தலைமுறையின் நகரம் இது.

1906இல் சென்னையில் பிறந்த நாராயண், தந்தையார் மைசூர் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றியமையால் அந்நகருக்கு வந்தார். மகாராஜா கல்லூரியில் பயின்று 1930இல் பட்டம் பெற்றார். மைசூர்த் தெருக்களில் நடந்து, வழியில் எதிர்ப்படுவோருடன் பேசி நிற்பது தம் எழுத்து வாழ்வின் ஒரு பகுதியாகவே அமைந்தது என்பதைத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் (1974) அவர் பதிவு செய்துள்ளார். இரண்டாம் உலகப் போரால் இங்கிலாந்துப் பதிப்பாளரோடு கொண்டிருந்த தொடர்பு அறுபட்டபோது, மைசூரிலேயே இந்தியன் தாட் பதிப்பகத்தை நிறுவித் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். அவர் படைத்த மால்குடி ஒரு கற்பனை ஊர். அதன் மார்க்கெட் சாலையைச் சயாஜிராவ் சாலை என்றோ, அதன் சந்தையைத் தேவராஜ மார்க்கெட் என்றோ நேருக்கு நேர் பொருத்திவிட இயலாது. எனினும் சந்தையில் பழகிய கண் அக்கதைகளில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பதுக்கிய அரிசி

'அரை ரூபாய்க்கு' என்னும் கதை 1985இல் வெளிவந்த 'ஆலமரத்தடியில்' தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதன் தலைமை மாந்தர் சுப்பையா என்னும் அரிசி வணிகர். தட்டுப்பாடும் விலைக் கட்டுப்பாடும் வந்த காலத்தில் அவர் அரிசியை மறைவிடத்தில் பதுக்குகிறார். கேட்டு வருவோரிடம் இல்லை என்கிறார். ஒரு நாள், வீட்டில் உலை வைக்க வழியற்ற ஒருவர் அரை ரூபாய் நாணயத்துடன் வந்து அரிசி கேட்கிறார். முதலில் மறுத்த சுப்பையா, பின்னர் நாணயத்தை வாங்கிக்கொண்டு தம் மறைவிடத்துக்குச் செல்கிறார். சென்றவர் திரும்பவில்லை. அவரைத் தேடிக் கதவைத் திறந்தவர்கள், சரிந்த மூட்டைகளின் அடியில் அவர் இறந்துகிடப்பதைக் காண்கின்றனர். அந்த நாணயம் அவர் கையிலேயே இருக்கிறது.

மேலோட்டமாக நோக்கின், இது பேராசைக்குத் தண்டனை கூறும் நீதிக்கதை. ஆயின் கதையின் வரலாற்றுப் பின்புலம் அதனைவிட ஆழமானது. 1940களில் மைசூர் சமஸ்தானம் உட்படத் தென்னிந்தியா எங்கும் உணவுத் தட்டுப்பாடும் பங்கீட்டு முறையும் நிலவின. வங்கத்தில் 1943ஆம் ஆண்டுப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டது. தானியம் அறவே இல்லாமையால் மட்டுமன்றி, இருந்த தானியத்தை வாங்கும் ஆற்றலை மக்கள் இழந்தமையாலும் பஞ்சம் நிகழ்கிறது என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் வங்கப் பஞ்சத்தைச் சான்றாகக் கொண்டு விளக்கினார். நாராயணின் கதை இதனையே ஒரு தனிமனிதரின் அளவில் காட்டுகிறது. அரிசி இருக்கிறது; பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பசித்தவரிடம் இருப்பதோ ஒரே ஒரு நாணயம்.

இங்குச் சுப்பையாவின் தன்னலத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அவர் எவரிடமும் எதையும் பறிக்கவில்லை. தமக்கு உரிமையான பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பசித்தவர் பூட்டை உடைத்து அரிசியை எடுத்திருப்பின் அவர் கள்வர் எனப்பட்டிருப்பார். பதுக்கியவர் வணிகர் எனவே அறியப்படுகிறார். சட்டம் அவரைத் தேடலாம். ஊர் அவரை வணங்கவே செய்யும். உடைமையின் தன்னலம் செயலற்ற செயலாக நிகழ்வதால் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மூட்டைகள் சரிந்த பின்னரே, கதவு திறக்கப்பட்ட பின்னரே, ஊர் அதனைக் காண்கிறது. கதையின் முடிவு தண்டனை என்பதினும், மறைந்திருந்ததை வெளிப்படுத்தும் உத்தி எனக் கொள்வதே பொருந்தும்.

காணாமற்போன சங்கிலி

'லீலாவின் தோழன்' (லாலி சாலை தொகுப்பு, 1956) நடுத்தர வசதியுடைய ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. சிவசங்கர் என்பவரின் வீட்டில் வேலைக்குச் சேரும் சித்தா, ஐந்து வயதுச் சிறுமி லீலாவுக்கு விளையாட்டுத் தோழனாகிறான். ஒரு நாள் அவளுடைய பொற்சங்கிலி காணாமற்போகிறது. வீட்டார் சித்தாவை ஐயுறுகின்றனர். அவன் அஞ்சி ஓடிவிடுகிறான். முன்பே சிறை சென்றவன் என்பதைப் போலீசார் தெரிவிக்கின்றனர். அவன் பிடிபட்டுக் கொண்டுவரப்படுகிறான். குழந்தை அவன் எடுக்கவில்லை என்கிறாள், எவரும் கேட்பதில்லை. பின்னர்ச் சங்கிலி சமையலறைப் புளிப் பானைக்குள் கிடைக்கிறது. சிவசங்கர் அதனைப் போலீசாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறார். ஆயினும் அத்தகைய ஒரு குற்றவாளியை வீட்டில் வைத்திருக்க முடியாது என்றும் சொல்லி அமைகிறார்.

இக்கதையில் எவரும் கொடியவர் அல்லர். பிள்ளையின் நகையைப் பற்றிய பெற்றோரின் கவலை இயல்பானது. ஆயின் உண்மை வெளிப்பட்ட பின்னும் அவர்களுடைய முடிவு மாறவில்லை என்பதே கதையின் மையம். தம் பிழையை ஒப்புக்கொள்வதால் வரும் சிறு சங்கடத்தைத் தவிர்க்க, மற்றொருவரின் பிழைப்பும் பெயரும் விலையாகத் தரப்படுகின்றன. அவ்விலையைத் தருபவர் அவர்கள் அல்லர் என்பதால் அது தன்னலம் என அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. குடும்பத்தின் பாதுகாப்பு என்னும் மதிப்புமிக்க பெயர் அதற்கு அமைந்துவிடுகிறது.

'மாதம் நாற்பத்தைந்து' (ஜோதிடரின் ஒரு நாள் தொகுப்பு, 1947) இதன் மறுபக்கம். மகள் சாந்தாவைத் திரைப்படத்துக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்த எழுத்தர் வெங்கட்ராவ், நேரத்தோடு வீடு திரும்ப இயலாமல் தவிக்கிறார். வேலையைவிட்டு விலகத் துணிகிறார். அப்பொழுது ஐந்து ரூபாய் ஊதிய உயர்வு அறிவிக்கப்படுகிறது. அவர் விலகல் கடிதத்தைக் கைவிட்டு, இரவில் வீடு சேர்கிறார். குழந்தை உடுத்திய உடையுடன் உறங்கிவிட்டாள். ஐந்து ரூபாய்க்காக மகளின் மாலையை விட்டுக்கொடுத்தவர் தன்னலக்காரரா என்று கேட்டால், அந்த ஐந்து ரூபாயும் மகளின் உணவுக்கே செல்லும் என்பது விடையாகிறது. குறைந்த ஊதியத்தில் மனிதரின் நேரம் முழுவதையும் கொள்ளும் அலுவலகத்தின் தன்னலமே, தந்தையின் தவறாகக் குழந்தைக்குத் தோற்றமளிக்கிறது.

பணப்பையும் பலூனும்

வறியரை நாராயண் புனிதராக்கவில்லை என்பதற்குப் 'பச்சை மேலங்கியின் பின்னே' (லாலி சாலை, 1956) சான்று. ராஜு ஒரு சந்தைப் பிக்பாக்கெட். கூட்டத்தில் பச்சை மேலங்கி அணிந்த ஒருவரைப் பின்தொடர்ந்து அவருடைய பணப்பையை எடுக்கிறான். பணத்தை எடுத்துக்கொண்டு பையை எறிய முற்படும்போது, அதனுள் மடித்து வைக்கப்பட்ட ஒரு பலூனைக் காண்கிறான். தாயற்ற பிள்ளைக்காக அவர் அதை வாங்கினார் என்பது நினைவுக்கு வருகிறது. பிள்ளை காத்திருக்கும் காட்சி அவனை வருத்துகிறது. பையை உரியவரின் சட்டைப்பையில் திரும்ப வைக்க முயல்கிறான், அப்போது பிடிபடுகிறான். வைக்கவே வந்தேன் என்னும் அவன் சொல்லை எவரும் நம்புவதில்லை. சிறை செல்லும் அவன், தன் விரல்கள் எடுப்பதற்கே உரியவை, திருப்பி வைப்பதற்கு அல்ல என்னும் பாடத்தையே கற்கிறான்.

திருடியபோது தப்பியவன் இரங்கியபோது சிக்கினான். வறியவனின் தன்னலத்துக்குத் தண்டனை உண்டு. அவனுடைய இரக்கத்துக்கு அதனினும் உறுதியான தண்டனை உண்டு என்பதே இம்முரணின் பொருள். சிவசங்கர் மனம் மாறியிருப்பின் அவர் இழப்பது ஏதுமில்லை. ராஜு மனம் மாறியதால் தன் உரிமைவாழ்வையே இழக்கிறான்.

அண்மைக் காலச் சமூக அறிவியல் ஆய்வுகள் இரண்டு இக்கதையோடு வைத்து எண்ணத்தக்கன. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகள், கண்டெடுத்தவை எனக் கூறிப் பொது நிறுவனங்களின் ஊழியர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பணமில்லாத பைகளைவிடப் பணமுள்ள பைகளே பெரும்பாலான நாடுகளில் மிகுதியாக உரியவரைச் சேர்ந்தன. சில நாடுகளில் மட்டும் செய்யப்பட்ட கூடுதல் சோதனையில், பையில் ஒரு சாவி இருந்தால் அது திரும்ப வரும் வாய்ப்பு மேலும் கூடியது. சாவி எடுத்தவருக்குப் பயனற்றது, இழந்தவருக்கோ இன்றியமையாதது. நாராயண் கதையின் பலூனும் அத்தகையதே. பிறர் இழப்பைக் கண்முன் நிறுத்தும் ஒரு சிறு பொருள் தன்னலத்தை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது என்பதை அக்கதை அந்த ஆய்வுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டது.

மற்றொன்று நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2017இல் ஆய்வறிக்கையாக வெளியானது. தவறான முகவரிக்கு வந்தவை போலப் பணம் வைத்த கடித உறைகள் செல்வர் வீடுகளிலும் வறியர் வீடுகளிலும் சேர்க்கப்பட்டன. செல்வர் வீடுகளிலிருந்தே மிகுதியான உறைகள் திரும்பின. ஆயின் பணநெருக்கடியின் தாக்கத்தைக் கணக்கில் கொண்டபோது, இருசாராரின் பிறர்நல நாட்டத்தில் வேறுபாடு இல்லை என ஆய்வாளர் முடிவுகண்டனர். திருப்பித் தருவது செல்வருக்கு எளிது, வறியருக்கு அரிது. நேர்மையை மட்டும் எண்ணி, அதன் விலையை எண்ணாது விடின் மனிதரைப் பற்றிய தீர்ப்பு தவறிவிடும் என்பது இதனால் பெறப்படும்.

சிலையும் ஆடுகளும்

செல்வச் சமூகமும் வறிய சமூகமும் நேருக்கு நேர் சந்திக்கும் கதை 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்' (1970). கிரிதம் என்னும் சிற்றூரில் வாழும் முனியிடம் எஞ்சியவை இரண்டு ஆடுகளே. ஊர் எல்லையிலுள்ள மண்குதிரைச் சிலையைக் கண்டு வியந்த அமெரிக்கர் ஒருவர், அதன் நிழலில் இருந்த முனியை அதன் உரிமையாளர் எனக் கருதுகிறார். அவர் பேசுவது ஆங்கிலம். முனி அறிந்தது தமிழ். 100 ரூபாய் கைமாறுகிறது. ஆடுகளை விற்றதாக முனி மகிழ்கிறான். குதிரையை வாங்கியதாக அமெரிக்கர் மகிழ்கிறார். ஆடுகளோ வீடு திரும்பிவிடுகின்றன. மனைவி முனியைத் திருடன் என ஐயுறுகிறாள்.

நகைச்சுவைக்காகப் புகழ்பெற்ற இக்கதையில் ஒரு கேள்வி எவராலும் கேட்கப்படுவதில்லை. சிலை யாருடையது? அது முனிக்கும் உரியதன்று, எவருக்கும் தனியுரிமையன்று, ஊருக்குப் பொதுவானது. அமெரிக்கர் நல்லவர்; பணத்தைத் தாராளமாகத் தருபவர். ஆயினும் விரும்பிய பொருளுக்கு ஓர் உரிமையாளர் இருப்பார், அவருக்கு ஒரு விலை இருக்கும் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. முனியும் தன் ஆதாயத்தையே நாடுகிறான். இருவர் தன்னலமும் அளவில் ஒத்தவை. விளைவில் வேறுபட்டவை. ஒருவருக்குச் சிலை கிடைக்கிறது. மற்றவனுக்கு வீட்டிலேயே திருட்டுப் பழி கிடைக்கிறது.

தமிழ்ச் சிறுகதையோடு ஓர் ஒப்பீடு

நாராயண் பிறந்த அதே 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். இருவரும் ஒரே காலத்து நெருக்கடிகளை வேறு மொழிகளில் எழுதினர். 'மகாமசானம்' கதையில் சென்னைச் சாலையோரம் ஒரு பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்க, நகரம் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே தன்னலத்துக்குத் தனி முகம் இல்லை. நிற்காமல் நடப்பதே அதன் வடிவம். நாராயண் ஒரு வீட்டுக்குள் காட்டியதைப் புதுமைப்பித்தன் ஒரு நகரத்தின் மீதே சாற்றுகிறார். முன்னவர் நகைப்பின் அமைதியைக் கொண்டார். பின்னவர் நகைப்பின் கூர்மையைக் கொண்டார்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இவ்விருவரும் செல்லாத வழியில் செல்கிறது. தீபாவளி நாளில் வறிய தாய் தாயம்மாள், நாதியற்ற சிறுவன் ஒருவனை வீட்டுக்குள் ஏற்கிறாள். தன் பிள்ளைகளுக்கே அரிதாய்க் கிடைத்த புத்தாடை, வந்தவனுக்கோ ஏதுமில்லை. கணவனுக்கென வாங்கிய துண்டு அவனுக்குத் தரப்படுகிறது. தன் வீட்டுக்கு ஜமீன் உறவினர் வந்திருப்பதைப் பெருமையாகச் சொல்லும் செல்வச் சிறுவனிடம், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சிறுமி மங்கம்மாள் கூறுகிறாள்; அச்சிறுவனின் பெயரே ராஜா. இக்கதையை வறியர் பெருமை பேசும் கதையாக மட்டும் வாசிப்பது வழக்கம். ஆயின் பிள்ளைகளிடமும் போட்டியும் பெருமித வேட்கையும் உண்டு என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. தாயம்மாளின் தயக்கமும் மறைக்கப்படவில்லை. ஒரு துண்டு குறைந்தால் அவ்வீட்டில் ஒருவருக்குத் தீபாவளி குறைகிறது. அக்கணக்கு வாசகர் கண்முன் வைக்கப்படுவதாலேயே அந்த ஈகை மேன்மை பெறுகிறது. ராஜுவின் இரக்கத்துக்குச் சிறை விலையானது போல, இங்கே ஈகைக்குக் கணவனின் துண்டு விலையாகிறது. ஆயின் தாயம்மாளின் வீட்டில் அவ்விலையைக் குடும்பமே சேர்ந்து ஏற்கிறது. ராஜுவோ தனியே ஏற்கிறான்.

மறுப்பும் விளக்கமும்

நாராயணின் எழுத்தில் சமூகச் சினம் இல்லை, அவர் ஏற்றத்தாழ்வை நகைத்துக் கடந்துவிடுகிறார் என்னும் கருத்து திறனாய்வாளரிடையே உண்டு. இக்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பதுக்கல் ஏன் நிகழ்கிறது, சித்தாவுக்கு நீதி பெற வழியென்ன என்பவற்றை அவர் ஆராய்வதில்லை. சாதியின் பங்கும் இக்கதைகளில் மங்கலாகவே தோன்றுகிறது. எனினும் அவர் கதைகளை முடிக்கும் இடங்கள் கருதத்தக்கவை. நாணயம் பற்றிய கை, புளிப் பானைச் சங்கிலி, உறங்கிவிட்ட குழந்தை, வீடு திரும்பிய ஆடுகள் என ஒவ்வொரு முடிவிலும் ஒரு பொருளோ ஒரு காட்சியோ கணக்குச் சீட்டாக நிற்கிறது. தன்னலத்தின் விலையை யார் தந்தார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. ஆயின் கணக்கை மறைக்கவும் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. செல்வரிடத்தும் வறியரிடத்தும் தன்னலம் உண்டு. அளவில் ஒருவரை மற்றவரினும் மிக்கவர் எனக் கூற இக்கதைகள் இடம் தரவில்லை. செல்வரின் தன்னலம் உடைமை, ஊதியம், பாதுகாப்பு, நற்பெயர் ஆகியவற்றின் பின்னே மறைகிறது. வறியரின் தன்னலம் திருட்டு, பொய் என வெளிப்படையாகப் பெயர் பெறுகிறது. செல்வருடைய தன்னலத்தின் விலையைப் பெரும்பாலும் பிறர் தருகின்றனர். வறியர் தம் தன்னலத்தின் விலையை மட்டுமன்றித் தம் இரக்கத்தின் விலையையும் தாமே தருகின்றனர்.

ஆகவே சிறுகதைகளில் தன்னலத்தை ஆராய்வோர், யார் தன்னலக்காரர் என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. அத்தன்னலத்துக்கு யார் விலை தந்தார் என்பதையும் கேட்டல் வேண்டும். பாட நூல்களில் 'லீலாவின் தோழன்' குழந்தை அன்பின் கதையாகவும், 'ராஜா வந்திருக்கிறார்' வறியரின் பெருந்தன்மைக் கதையாகவும் மட்டும் பயிற்றப்படும்போது இவ்வினா விடுபட்டுப்போகிறது. சித்தா காவலிலிருந்து எப்போது விடுபட்டான், விடுபட்டபின் எந்த வீடு அவனுக்கு வேலை தந்தது என்பதைக் கதை சொல்லவில்லை. அதனை மாணவர் கேட்கும் வகுப்பிலேயே அக்கதை முழுமையாக வாசிக்கப்பட்டதாகும்.